மே லீவு: பட்டறையா, கூட்டாளிகளா?

தம்பி, மாமா தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்குக் கூப்பிடுகிறார், காரைக்குடிக் கூட்டாளிகள் கோபிக்கிறார்கள், அப்பத்தா வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார், ஒரு மாத லீவில் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். பட்டறைக்குப் போ. நானும் இரண்டாம் வருட லீவில் போனேன், கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, பூ கலையாமல் அச்சைத் தூக்கப் பழகவே எனக்குப் பத்து நாள் ஆனது, அப்புறம் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தித் தண்ணீரில் ஊறவைப்போம், சூளையே கிடையாது.

ஆனால் நேரத்தையும் சம்பளத்தையும் மாமாவிடம் முதல் நாளே பேசிவிடு, சொந்தம் என்று கூச்சப்பட்டால் பின்னால் மனக்கசப்புதான். காலையில் மட்டும் வேலை என்று கேள். சாயங்காலம் கூட்டாளிகளோடு குன்றக்குடி மலை ஏறு. மதியச் சாப்பாடு மட்டும் அப்பத்தாவோடு, போனை உள்ளே வைத்துவிட்டு. என் அப்பத்தா அடுத்த லீவுக்கு இல்லை.