புதிய போன் கொம்பனிக்கு ஏஜென்சி எடுக்க முதல்

கேள்வி: புதுக்குடியிருப்பில் ரீலோட், போன் கடை வைத்திருக்கிறேன். நாடு முழுக்கச் சேவை தரப்போகும் புதிய தொலைபேசி நிறுவனத்தின் ஆள் என்று ஒருவர் வந்தார். ஏஜென்சிக்கு முற்பணம் கேட்கிறார். மற்றக் கொம்பனிகளின் ரீலோட் விற்கக் கூடாதாம். சொந்தக்காரர் யார் என்றால் 'வெளிநாட்டு முதலீட்டாளர்கள்' என்பதோடு நிறுத்திவிடுகிறார். நம்பலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள், தம்பி. வந்தவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. அவர் சொல்லாமல் விட்டவைதான் முக்கியம்.

முதலில் அனுமதிப்பத்திரம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் அது இல்லாமல் யாரும் சேவை நடத்த முடியாது. மொபைல் சேவை என்றால் அலைவரிசைக்கும் தனி அனுமதி வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. 1900க்கு அழைத்தும் கேட்கலாம். பெயர் அங்கே இல்லையென்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. உரிமம் இருந்தாலும் சேவை உடனே வந்துவிடாது. செய்மதி இணையச் சேவையான ஸ்டார்லிங்குக்கு 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது, சேவை தொடங்கியது 2025 ஜூலையில். அவ்வளவு காலம் உங்கள் முற்பணம் சும்மா கிடக்குமா என்று யோசியுங்கள்.

அடுத்தது சொந்தக்காரர். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தினால் பணிப்பாளர்கள், பங்குதாரர்களின் விபரம் எடுக்கலாம். பங்குதாரர் இன்னொரு கம்பனியாக இருந்தால் அதன் பின்னால் யார் என்றும் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகை புதிது, உள்ளே பழைய ஆள் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். 1989இல் வந்த செல்டெல், டிகோவாகி, எடிசலாட்டாகி, 2018இல் ஹட்சோடு சேர்ந்தது. சன்டெல் 2012இல் டயலொக்கிடம் போனது. 2009இல் வந்து கட்டணத்தைத் தடாலடியாகக் குறைத்த ஏர்டெல், 2024 ஜூனில் டயலொக்கோடு இணைந்தது. பதிலுக்கு ஏர்டெல்லின் தாய்க் கம்பனியான பார்தி ஏர்டெல் டயலொக்கில் பத்து வீதத்துக்குச் சற்றுக் கூடிய பங்கைப் பெற்றது. நேற்றுவரை போட்டிக்காரர், இன்று பங்காளி!

இதை யாரும் தடுக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் நிறுவன இணைப்புகளை ஆராயும் அதிகாரம் இருந்தது. அதற்குப் பதிலாக 2003இல் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அது இல்லை. மிஞ்சுவது தொலைத்தொடர்பு ஆணைக்குழு. ஆனால் அதன் தலைவர், சட்டப்படியே, துறைக்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளர். ஸ்ரீ லங்கா ரெலிகொமில் 49.5 வீதப் பங்கு அரச திறைசேரியின் கையில். நடுவரும் ஓர் அணியின் சொந்தக்காரரும் ஒரே வீட்டுக்காரர் என்றால், புதிதாக மைதானத்தில் இறங்குபவர் கொஞ்சம் பயப்படத்தான் செய்வார். இங்கே ஆணைக்குழுவின் நேர்மையை நான் குறை சொல்லவில்லை, அமைப்பே அப்படி.

போட்டி குறைவது வன்னிக்கு இன்னும் உறைக்கும். ஏ9 வீதியோரம் நாலு ரவர் தெரியும். துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ போனால் கவரேஜ் எதில் இருக்கிறதோ அந்த சிம்தான் சனத்துக்கு. ஆள் குறைந்த இடத்தில் ரவர் போட்டால் போட்ட முதல் திரும்பி வர நாள் எடுக்கும், ஆகவே புதியவர் கொழும்பில்தான் தொடங்குவார். இங்கே வந்தாலும் ரவரையும் பைபரையும் பெரும்பாலும் போட்டிக்காரரிடமே வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். அதனால் அந்த ஆளிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: முல்லைத்தீவு மாவட்டத்தில் எந்தெந்த இடத்தில், யாருடைய ரவரில், எப்போது? எழுத்தில் தரட்டும்.

மற்றவர்களின் ரீலோட் விற்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம். இரண்டு சிம் போட்ட போனோடு வரும் வாடிக்கையாளர் நேரே பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இப்படியான போட்டிக்கு எதிரான நடைமுறைகளை விசாரிக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு; ஒப்பந்தப் பிரதியோடு முறையிடலாம்.

உரிமம் பற்றித் தெளிவான பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். வர்த்தக இரகசியம் என்று சிலதை மறுக்கலாம், உரிமம் இருக்கிறதா என்பதை மறைக்க முடியாது.

எல்லாம் சரிவந்தால், கம்பனியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே பணத்தைப் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நிறுவனம் இன்னொருவர் கைக்கு மாறினால் முற்பணத்தை யார், எத்தனை நாளில் திருப்பித் தருவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். போட மாட்டோம் என்றால் வேறு ஏஜென்சி பாருங்கள்.