வாசகர் கேள்வி: பனி ஏரிக்குக் காவல்

கே: பூட்டான் மாதிரி குட்டி நாட்டுக்கு காத்மாண்டுல இருக்கற இசிமோட் ஆராய்ச்சி நிறுவனத்தால என்ன லாபம் சார்?
– ஒரு வாசகி, தேனி

ப: நல்ல கேள்விம்மா. இசிமோட் 1983-ல ஆரம்பிச்சது, இமயமலைப் பக்கத்து எட்டு நாடுங்க அதுல மெம்பர், நம்ம இந்தியாவும்தான். 1994 அக்டோபர்ல பூட்டான்ல லுக்கே சோன்னு ஒரு பனி ஏரி (மலைப் பனிப்பாறை உருகித் தேங்கற ஏரி) உடைஞ்சு, கீழ இருக்கற புனாக்கா ஊர் வரைக்கும் வெள்ளம் வந்து 21 பேர் செத்துட்டாங்க, அதுக்கப்புறம் மேல எத்தனை ஏரி இருக்குன்னே சரியா தெரியாம எப்படிம்மா ஜனங்க நிம்மதியா தூங்குவாங்க? பூட்டானோட புவியியல் துறையும் இசிமோடும் சேர்ந்து சாட்டிலைட் படம், மேப் எல்லாம் வச்சு எண்ணி 2001-ல ரிப்போர்ட் போட்டாங்க. 2,674 ஏரி, அதுல 24 ஆபத்தானது. இந்தக் கணக்குதான் என்னைப் பொறுத்தவரை பெரிய உதவி, ஏன்னா எதை முதல்ல கவனிக்கணும்னு தெரிஞ்சுடுதுல்ல.

அந்த லுக்கே சோவுக்குப் பக்கத்துலயே தோர்தோர்மின்னு இன்னொரு ஆபத்தான ஏரி. அதுவும் உடைஞ்சுடக் கூடாதுன்னு 2009-லருந்து பூட்டான் ஆளுங்க நாள்கணக்கா மலையேறிப் போய், 4,000 மீட்டருக்கு மேல, ஐஸ் தண்ணில நின்னு, மெஷின் இல்லாம கையாலயே கல்லைப் பேத்து கால்வாய் வெட்டி தண்ணி மட்டத்தை சுமார் 5 மீட்டர் இறக்கினாங்க. நெனச்சாலே நெஞ்சு கனக்குதும்மா.