நானும் என் காதலரும் சிங்கப்பூரில் பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்து, கட்டி முடியும்வரை காத்திருந்து வாங்கும் அரசு அடுக்குமாடி வீடு) பதிந்துவிட்டோம், வாரம் இரண்டு சண்டை. "முதலில் உன்னைப் புரிந்துகொள்" என்கிறார்கள். அதை எப்படிச் செய்வது?

சாவி கைக்கு வர இன்னும் சில ஆண்டு இருக்கும், இருவரும் அவரவர் பெற்றோர் வீட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவகாசம் இருப்பது நல்லது.

"உன்னைப் புரிந்துகொள்" என்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்கு ஆற்றாமை. மூலையில் உட்கார்ந்து "நான் ஏன் இப்படி?" என்று யோசித்தால் ஒன்றும் தெளியாது. 'ஏன்' என்றதும் மனம் சட்டென்று ஒரு காரணத்தைத் தயார் செய்து நீட்டும்: "சின்ன வயதில் அப்பா கண்டிப்பு, அதனால்தான்." அது உண்மையா என்று சரிபார்க்க வழியில்லை. ஆனாலும் பதில் கிடைத்த நிம்மதியில் அங்கேயே நின்றுவிடுவோம். இதை ஆராய்ந்த டாஷா யூரிக் என்ற உளவியலாளர், 'ஏன்' என்பதை விட்டு 'என்ன' என்று கேட்கச் சொல்கிறார். என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, என்ன சொன்னேன். இவற்றுக்கு விடை எழுத முடியும்.

ஒரு நோட்டு போடுங்கள், 2 வாரத்துக்கு. ஒவ்வொரு உரசலுக்கும் ஐந்து வரி: மணி என்ன, அவர் சொன்ன சொற்கள் அப்படியே, உங்கள் உடம்பில் முதலில் தெரிந்தது, நீங்கள் சொன்னது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எப்படிப் போனது. பலரும் சறுக்குவது இரண்டாம் வரியில். "குத்திக் காட்டினார்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. அவர் வாயிலிருந்து வந்த சொல்தான் வேண்டும். அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாளைக்குள் வசனம் நமக்குச் சாதகமாக மாறிவிடும்.

ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "இரவு 7.40. 'இந்த மாசம் எவ்வளவு எடுத்து வச்சே?' என்று போனில் கேட்டார். தாடை இறுகியது, காது சூடானது. 'என்னை நம்பலைன்னா நேராச் சொல்லு' என்றேன். அதற்கு முன்: ஜூரோங்கிலிருந்து ரயிலில் நின்றபடி வந்தேன், மதியம் ஒரு கறி பஃப் மட்டும்."

இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படியுங்கள். ஒன்பது பதிவில் ஆறு, சாப்பாட்டுக்கு முன்பு என்றால் பணப் பேச்சைச் சாப்பாட்டுக்குப் பின் தள்ளினாலே பாதி குறையும். பணத்தைப் பற்றி அம்மா கேட்டாலும் அதே தாடை இறுகுகிறது என்றால், பிரச்சினை உங்கள் காதலரோடு அல்ல. 'பணத்தைப் பற்றிக் கேட்பது என்றால் என்னைச் சந்தேகிப்பது' என்று நீங்களே எப்போதோ எழுதி வைத்த விதியோடுதான்.

மூன்றாம் வரியில் எல்லாரும் 'கோபம்' என்று போட்டு மூடிவிடுகிறோம். இங்கே ஆங்கிலத்தில் சண்டை போட்டுப் பழகியவர்களுக்கு இது இன்னும் அதிகம். தமிழில் எரிச்சல் வேறு, ஏமாற்றம் வேறு, மனத்தாங்கல் வேறு, அவமானம் வேறு. எரிச்சலுக்குத் தூக்கமே போதும். மனத்தாங்கல் என்றால், உரிமை உள்ளவரிடம் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று பொருள். அதைச் சொன்னால்தான் தீரும். அவமானத்துக்கு மருந்து தனிமையில் பேசுவது. சொல் தவறினால் மருந்தும் தவறும். உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைத்தால் மூளையில் பயம், கோபம் போன்றவற்றைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு தணிவதை, மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் 2007-இல் மூளைப் படங்களில் காட்டினார்கள். மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள், பெயர் வைக்கிற வேலையைத் தமிழ் முன்பே செய்து வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது நாடி. சண்டையில் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்பது தம்பதிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்வது. கைக்கடிகாரமே காட்டிக் கொடுக்கும். குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும். "போதும், விடு" என்று போனை வைத்தால் அது தண்டனை. "தலை சூடாயிடுச்சு, 9 மணிக்கு நானே கூப்பிடறேன்" என்றால் அது இடைவெளி. சொன்ன நேரத்துக்குக் கூப்பிட வேண்டும். அந்த 20 நிமிடத்தில் அடுத்த பதிலை ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்காது. புளோக்கைச் சுற்றி நடங்கள், துணி மடியுங்கள்.

நோட்டில் சிக்காதது உங்கள் முகமும் குரலும். 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரு உளவியலாளர்கள் வரைந்த, நம்மைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று நான்கு கட்டமாகப் பிரிக்கும் ஜொஹாரி சாளரத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு: பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது. அதைக் கேட்டுத்தான் வாங்க முடியும். "என்கிட்ட என்ன குறை?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். "கல்யாணச் செலவு பேசினோமே, எந்த இடத்துல உன்னைப் பேச விடாமப் பண்ணேன்?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் "சரி, யோசிக்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். விளக்கம் கொடுத்தால் அடுத்த முறை உண்மை வராது.

இது கெட்டுப்போகும் விதமும் உண்டு. "நான் அப்படித்தான், பசியில கத்துவேன்" என்று தெரிந்துகொண்டதைச் சலுகையாக்குவது. அல்லது அவருக்கும் சேர்த்து நோட்டு எழுதி, "உன் பிரச்சினை என்னன்னா" என்று ஆரம்பிப்பது.

காதலில் கணக்கு எழுதுவதா என்று கேட்பார்கள். மண்டபம், ஒப்பனை, ட்ரோன் படப்பிடிப்பு என்று ஓராண்டு அலைகிறோம். மேசைக்கு இத்தனை வெள்ளி என்று கணக்குப் போடுகிறோம். சொந்தக்காரர் வாய்க்குப் பயந்து கடன் வாங்கி ஆயிரம் பேரை அழைக்கிறோம். இரண்டு வாரம் ஐந்து வரி எழுத மட்டும் நேரமில்லை என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடி, மிரட்டல், போனைப் பிடுங்கிப் பார்ப்பது என்று இருந்தால் நோட்டு வேண்டாம். குடும்ப வன்முறைக்கான சிங்கப்பூரின் 24 மணி நேர தேசிய உதவி எண் 1800-777-0000. வன்முறை இல்லாமல், பேச்சு மட்டும் நகராமல் இருந்தால் உங்கள் வட்டாரக் குடும்ப சேவை நிலையத்துக்குப் போங்கள்.

நோட்டை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஆளுக்கு ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, வயிறு நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பிக் கடையில் சொல்லுங்கள்: "பணம் பத்திக் கேட்டா எனக்குச் சந்தேகப்படுற மாதிரி இருக்கு. எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி எதுக்குன்னு சொல்லு." பெற்றோருக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சை அதற்கு அடுத்த ஞாயிறு வையுங்கள்.