பட்டறைக் கேள்வி-பதில்: சல்லிசா கிடைக்கிற சாமான் எதுவரைக்கும் தாங்கும்?

கேள்வி: ஐயா, ஆன்லைன்ல தள்ளுபடியில நூத்துச்சொச்சம் பீஸ் டூல் செட் பெட்டியோட 1,500 ரூபாய்க்கு வருது. எங்க ஊர் சந்தையிலயும் தரையில விரிச்சுப் போட்டு ஸ்பானர், கொறடு எல்லாம் விக்கிறாங்க. எனக்கு பைக், மோட்டார், வீட்டுச் சில்லறை வேலைதான். வாங்கலாமா, இல்ல நல்ல கம்பெனிதான் வாங்கணுமா? (தேவகோட்டை வாசகர்)

தம்பி, விலையப் பாத்து முடிவு பண்ணாதீங்க, அந்தச் சாமான் வேலை நடுவுல காலை வாருச்சுன்னா யாருக்கு என்ன ஆகும்னு யோசிங்க. அது மட்டும் உடைஞ்சு போய்ட்டு "சரி விடு, வேற வாங்கிக்கலாம்"னு நீங்க எந்திரிச்சு போக முடியும்னா சல்லிசானதே போதும். நட்டோட மூலைய மழுக்கிட்டு போகும், மரத்தக் கீறிட்டு போகும், கையக் கிழிக்கும், கண்ணுல தெறிக்கும்னா அங்க காசு பாக்கக் கூடாது. நான் பட்டறைக்கு எது வாங்கினாலும் இதத்தான் முதல்ல பாப்பேன்.

இப்ப உங்க செட்டுக்கு வருவோம். நூறு பீஸ்னு எண்ணிக்கை ஏத்துறதுக்காக அதுல பாதி குட்டிக்குட்டி பிட்டாத்தான் இருக்கும், வருஷம் ஓடினாலும் தொட மாட்டீங்க. பைக்குக்கும் மோட்டாருக்கும் திரும்பத் திரும்ப கைக்கு வர்றது 8, 10, 12, 13, 14, 17 இந்த சைஸ்தான். அதே காசுக்கு டப்பாரியா மாதிரி நம்ம நாட்டு கம்பெனியில இந்த சைஸுக்கு மட்டும் ரிங் ஸ்பானர் வாங்கிடுங்க, பெட்டி வேணும்னா பழைய பிஸ்கட் டின் போதும்.

சந்தையில வாங்கறதா இருந்தா ஒண்ணு செய்ங்க. வீட்லேர்ந்து 10 ஸ்பானர் மாட்டுற போல்ட்டும் 14 ஸ்பானர் மாட்டுற போல்ட்டும் தலை தேயாததா சட்டைப் பையில போட்டுட்டு போங்க. ஸ்பானர அதுல மாட்டி லேசா இடமும் வலமும் ஆட்டிப் பாருங்க, சட்டுனு பிடிச்சா எடுங்க, லொடலொடன்னு ஆடுச்சுன்னா அது எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் வச்சிட்டு வந்துடுங்க. மேல இருக்கிற பளபளப்பு வெறும் முலாம், உள்ள இருக்கிற இரும்பப் பத்தி அது எதுவும் சொல்லாது. 'குரோம் வனேடியம்'னு (கெட்டியான கலப்பு இரும்போட பேரு) எழுதியிருக்கேன்னு கேப்பீங்க, எழுத்து பொறிக்க தனிச் செலவு ஒண்ணும் இல்ல, அத நம்பி எடுக்காம போல்ட்ட மாட்டிப் பாத்து எடுங்க.

தூரிகை, சட்டி, பக்கெட், மேசன் கரண்டி, சி கிளாம்ப், ஆணி போடுற டப்பா, கம்பி பிரஷ், இதெல்லாம் தாராளமா சந்தையிலயே வாங்குங்க. கிளாம்ப் மட்டும் திருகும்போது கடைசி வரைக்கும் சிக்காம ஓடுதான்னு பாத்துக்குங்க.

கேள்வி: எங்க பெரிய வீட்டுல நெலைக்கதவு, உள் கதவெல்லாம் பர்மா தேக்கு. கீல் தளர்ந்து கதவு தரையில உரசுது. காவலுக்கு இருக்கிற பையனே பாத்துடுறேங்கறான், ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட்டும் உப்புத்தாளும் வாங்கித் தரச் சொல்றான். பக்கத்துக் கடையில கிடைக்கிறதே போதுமா? (கானாடுகாத்தான் வாசகி)

ஆச்சி, நீங்க கேட்டதுக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன், ஏன்னா இதுல கெட்டா திரும்பக் கிடைக்காத பொருள் இருக்கு. 2014-ல செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியல்ல சேத்தாங்க, ஆனா அந்த வீடுகளைத் தாங்கிப் பிடிச்சிருக்கிறது இந்தக் கதவும் நெலையும் தூணும்தான், அந்த மாதிரி முத்தின தேக்கு இன்னைக்கு காசு கொடுத்தாலும் லேசில கிடைக்காது.

பழைய கீல்ல இருக்கிறது ஒத்தக் கோடு வெட்டு உள்ள திருகாணி, பெரும்பாலும் பித்தளை. அதுல சல்லிசான ஸ்க்ரூ டிரைவர வச்சு அழுத்தினா என்ன நடக்கும்னா, நுனி ஆப்பு மாதிரி சரிஞ்சிருக்கிறதால வெட்டோட அடிவரைக்கும் போகாம மேல் விளிம்புல மட்டும் நிக்கும், திருகுற வேகத்துல வழுக்கி ஏறும், ஏறும்போது பித்தளைத் தலையச் சப்பிட்டு பக்கத்துல இருக்கிற தேக்குலயும் ஒரு கோடு இழுத்துட்டுத்தான் நிக்கும். அதனால செட்டே வேணாம் ஆச்சி. நல்ல இரும்புல ஒரே ஒரு டிரைவர் வாங்கி, அதோட நுனிய அந்தத் திருகாணி வெட்டுக்கு அகலமும் கனமும் சரியா பொருந்தற மாதிரி அரத்துல ராவிக் கொடுக்கச் சொல்லுங்க. கழட்டறதுக்கு முன்னாடி வெட்டுக்குள்ள அடைஞ்சிருக்கிற பழைய வார்னிஷையும் அழுக்கையும் ஊசியால சுரண்டி எடுக்கணும், இதச் செய்யாம எந்த டிரைவரும் உள்ள இறங்காது.

திரும்ப மாட்டும்போது புதுப் பித்தளைத் திருகாணிய நேரா தேக்குல முறுக்கவே கூடாது, பாதியில தலை ஒடிஞ்சு உடம்பு உள்ளயே நின்னுடும். முதல்ல அளவான ஓட்டை, அப்புறம் அதே சைஸ் இரும்புத் திருகாணிய ஒரு தடவ ஏத்தி இறக்கணும், அது மரத்துல மரை வெட்டிக் கொடுத்துடும், கடைசியா பித்தளைய மெழுகு தடவி கையாலயே ஏத்தணும். இந்த வேலைக்கு வர்ற இரும்புத் திருகாணி எவ்வளவு மலிவா இருந்தாலும் பரவால்ல, பித்தளை மட்டும் நல்லதா இருக்கட்டும். இப்ப பித்தளை மாதிரியே முலாம் பூசின இரும்பு நிறைய வருது, காந்தம் வச்சுப் பாத்தா ஒட்டிக்கும். பழைய கீல் தேய்ஞ்சே போச்சுன்னா காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல அதே காலத்து கீல் தேடிப் பாருங்க.

உப்புத்தாள்ல ரொம்ப மலிவானது மணலு உதிரும், உதிர்ந்த மணல் ஒண்ணு தாளுக்கும் மரத்துக்கும் நடுவுல உருண்டா சுழிச்சுழியா கீறல் விழும், வார்னிஷ் அடிச்சதுக்கப்புறம்தான் அது கண்ணுக்குத் தெரியும். வாங்கறப்ப தாள மடிச்சு விரலால தட்டிப் பாருங்க, தூள் கொட்டினா வேணாம். இரும்பு நார் வச்சும் தேய்க்க விடாதீங்க, தூள் மரத்துல தங்கி ஈரம் பட்டா கறுப்பா கறை ஏறிடும். செதுக்கு வேலை இருக்கிற எடத்துல மிஷின் சாண்டர் பக்கத்துலயே வரக்கூடாது, பையன்கிட்ட கண்டிச்சுச் சொல்லிடுங்க.

கேள்வி: அரிசி மில்லுல ஃபிட்டரா இருக்கேன். 4 இஞ்ச் கிரைண்டருக்கு கட்டிங் டிஸ்க் மூட்டையா வாங்கினா பாதி விலைக்குத் தர்றாங்க. தினம் தேயுற சாமான்தானே, மலிவா வாங்கினா என்ன? (புதுவயல் வாசகர்)

வேணாம் தம்பி. தேயுற சாமான்ங்கறது சரி, ஆனா சுத்துற சாமான். உங்க கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்துக்கு மேல ஓடுது, அந்த வேகத்துல டிஸ்க் உடைஞ்சா துண்டு பறக்கிறத கண்ணால பாக்கக்கூட நேரம் இருக்காது.

டிஸ்க்க கையில எடுத்து நடுவுல இருக்கிற இரும்பு வளையத்தப் பாருங்க. அதுல மாசமும் வருஷமும் பொறிச்சிருக்கும், அது காலாவதி தேதி. நல்ல கம்பெனிக்காரங்க செஞ்ச தேதியிலேர்ந்து 3 வருஷம் போடுவாங்க, ஏன்னா மணலப் பிடிச்சு வச்சிருக்கிற பிசின் ஈரத்துலயும் வெக்கையிலயும் வலு இழந்துடும். பாதி விலைக்கு மூட்டையா வர்றதுல பல சமயம் இந்தத் தேதி தாண்டியிருக்கும், இல்ல வளையத்துல தேதியே இருக்காது. லேபிள்ல வேகமும் இருக்கணும், 100 மில்லி, அதாவது உங்க 4 இஞ்ச் டிஸ்க்குன்னா நிமிஷத்துக்கு 15,200 சுத்து பக்கம் போட்டிருக்கும். 7 இஞ்ச் டிஸ்க்குல அது 8,500தான், அதனால டிஸ்க்க மறைச்சிருக்கிற பாதுகாப்பு மூடியக் கழட்டிட்டு பெரிய மிஷின் டிஸ்க்க சின்ன மிஷின்ல மாட்டுற பழக்கம் உங்க மில்லுல யார்கிட்டயாவது இருந்தா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, கெஞ்சியே கேக்கறேன். மர வாள் பிளேட கிரைண்டர்ல மாட்டறதும் அதே கணக்குதான்.

கண்ணாடியும் அப்படித்தான். ரோட்டோரம் விக்கிற கூலிங்கிளாஸ் பாதுகாப்புக் கண்ணாடி கிடையாது. ஐ.எஸ். 5983னு இந்தியத் தர நம்பர் போட்ட கண்ணாடி அப்படியொண்ணும் பெரிய விலை இல்ல, ஆளுக்கு ஒண்ணு வாங்கி வைங்கன்னு முதலாளிகிட்ட சொல்லுங்க.

கேள்வி: தங்கக் கலர்ல இருக்கிற ட்ரில் பிட் செட் மலிவா கிடைக்குது. கேட் வேலைக்கு ஆகுமா? (பள்ளத்தூர் வாசகர்)

மரத்துக்கு ஆகும், கேட்டுக்கு சந்தேகம். நிஜமான பூச்சு டைட்டானியம் நைட்ரைடு, நல்ல எச்.எஸ்.எஸ். (சூடு தாங்குற அதிவேக எஃகு) பிட் மேல இருந்தா ஆயுசு கூடும். ஆனா அடியில இருக்கிறது சாதா கார்பன் ஸ்டீலா இருந்தா மேல என்ன கலர் இருந்து என்ன? சாதா ஸ்டீல் 250 டிகிரி தாண்டினாலே பதம் எறங்கிடும், நுனி நீலமா மாறி இரும்புல ஓட்டை விழாம தேய்ச்சுக்கிட்டே நிக்கும். எச்.எஸ்.எஸ். 550, 600 டிகிரி வரைக்கும் தாக்குப் பிடிக்கும். கேட்டுக்கு 4, 6, 8 மில்லின்னு மூணு நல்ல பிட் தனித்தனியா வாங்கிக்கிட்டு, மெதுவான வேகத்துல எண்ணெய் விட்டுப் போடுங்க.

கூடவே ஒண்ணு, ஆத்தங்குடி தரைக் கல்லு பதிச்ச எடத்துல ஓட்டை போடறதா இருந்தா ஹேமர் மோடுல வைக்காதீங்க. அது சுட்ட கல்லு இல்ல, சிமெண்டுல வார்த்தது, மேல இருக்கிற வண்ணப் படலம் மெல்லிசு, அடிச்சா ஓரம் பேந்துடும்.

கேள்வி: இஞ்ச் டேப்புல கொக்கி ஆடுது. மட்ட சாமானா? (கல்லல் வாசகர்)

இல்ல, அது ஆடத்தான் வேணும். கொக்கி எவ்வளவு கனமோ அவ்வளவு தூரம் முன்ன பின்ன நகரும், வெளியில மாட்டி இழுத்தாலும் உள்ள முட்டிப் பிடிச்சாலும் அளவு சரியா வர்றதுக்கு அப்படி வச்சிருக்காங்க, ஆணிய அடிச்சு இறுக்கிடாதீங்க. டேப்புல 'II'னு ரோமன் எண் போட்டிருந்தா 5 மீட்டருக்கு 1.3 மில்லி வரைக்கும் கூடக் குறைய இருக்கலாம், நம்ம வேலைக்கு அது தாராளம். ஒரு வேலை முடியிற வரைக்கும் ஒரே டேப்பால அளங்க, அது போதும்.

ரசமட்டமும் மலிவுலயே வாங்கலாம், ஆனா கடையிலயே சோதிச்சு வாங்குங்க. மேசை மேல வச்சு குமிழ் எங்க நிக்குதுன்னு பாத்துட்டு, அதே எடத்துல முனைய மாத்தித் திருப்பி வைங்க, குமிழ் மேசையோட அதே பக்கமா அதே அளவு தள்ளி நின்னா மட்டம் சரி. மூலைமட்டத்துக்கு ஒரு பலகை ஓரத்துல வச்சுக் கோடு போட்டு, திருப்பி வச்சு அதே புள்ளியிலேர்ந்து இன்னொரு கோடு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழணும்.

கேள்வி: பேர் தெரியாத கம்பெனி பேட்டரி ட்ரில் வாங்கலாமா? (பொன்னமராவதி வாசகர்)

மாசத்துக்கு ஒரு தடவ திரைச்சீலைக் கம்பி மாட்டறதுக்குன்னா வாங்குங்க. தொழிலுக்குன்னா வேணாம், ஏன்னா முதல்ல போறது பேட்டரி, அந்தப் பேட்டரி அடுத்த வருஷம் எங்கயும் கிடைக்காது, மிஷின் நல்லா இருந்தும் தூக்கிப் போடணும். வயர் போட்ட மிஷின்னா கடைக்காரர்கிட்ட கார்பன் பிரஷ் இருக்கா, ஆர்மேச்சர் கிடைக்குமான்னு கேளுங்க. காரைக்குடியில காயில் கட்டறவங்க கையில தூக்கிப் பாத்து "இதுக்கு சாமான் வரும்"னு சொன்னா அந்த மிஷின தைரியமா வாங்கலாம், மதுரைக்கோ திருச்சிக்கோ அலையணும்னா வேலை நின்ன நாளோட கூலியும் அதோட விலையிலதான் சேரும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மலிவு பாக்காதீங்க. கையில தூக்கினா காத்து மாதிரி இருக்கும், உள்ள தலைமயிர் கனத்துல ஒயர், கட்டர் ஓட்டினா உருகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட 1.5 ஸ்கொயர் செம்பு ஒயர் வாங்கி எலக்ட்ரீஷியன வச்சு நீங்களே ஒண்ணு கட்டிக்கிறது நல்லது, லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா லைன உடனே துண்டிக்கிற சாமான்) இருக்கான்னும் கேட்டுக்குங்க.

கேள்வி: தச்சு வேலை கத்துக்கறேன். 100 ரூபாய் உளி வாங்கினா ஆசாரி திட்டுறார். நல்ல உளிக்கு இப்ப காசு இல்ல. (ஆத்தங்குடி வாசகர்)

தம்பி, ஆசாரி சொல்றத மறுத்துப் பேச மாட்டேன், ஆனா கத்துக்கறப்ப அந்த 100 ரூபாய் உளியே போதும்னு நான் நினைக்கிறேன். சாணை பிடிக்கக் கத்துக்கிறவன் எப்படியும் ஒரு உளியத் தேய்ச்சுத் தீக்கத்தான் போறான், அது விலை கூடினதா இருக்க வேணாம். மலிவு உளியில முனை பொடிப்பொடியா உதிர்ந்தா உடனே தூக்கிப் போடாதீங்க, ஃபேக்டரியில வேகமா கிரைண்ட் பண்றப்ப நுனி சூடேறி கெட்டிருக்கும், ஒரு மில்லி ரெண்டு மில்லி தேய்ச்சு உள்ள போனா நல்ல இரும்பு வரும். அங்கயும் உதிர்ந்தாலோ, ஈயம் மாதிரி மடங்கினாலோ அது பெயின்ட் டப்பா திறக்கத்தான் லாயக்கு. தேக்குல சிலிக்கா இருக்கு, எந்த உளியையும் சீக்கிரம் மழுக்கும், அதனால 25 டிகிரிக்கு பதிலா 30 டிகிரி பக்கம் சாணை வைங்க.

சாணைக்கல்லுக்கும் காசு வேணாம். நீங்க ஆத்தங்குடியிலதான் இருக்கீங்க, தரைக் கல்லு வார்க்கிற பட்டறையில ஓரம் உடைஞ்ச கண்ணாடித் தட்டு ஒண்ணு கேட்டா கொடுப்பாங்க. கல்ல கண்ணாடி மேலதான் வார்க்கிறாங்க, அது தட்டையா வழவழப்பா இருக்கிறதாலதான அந்தக் கல்லுக்கு அப்படி ஒரு மினுக்கு வருது, அதே தட்டைதான் உங்களுக்கும் வேணும். கண்ணாடியோட கைய வெட்டுற ஓரத்த முதல்ல எமரில உரசி மழுக்கிட்டு, மேல தண்ணி எமரி ஷீட்ட நனைச்சு ஒட்டுங்க. முதல்ல 220 நம்பர் ஷீட், அப்புறம் 400, 1000, கடைசியா 2000. உளியோட பின்பக்கத்த முழுசா தட்டையாக்கிட்டுத்தான் முன்பக்கம் போகணும், இந்தப் பின்பக்கத்துலதான் பாதிப் பேர் அவசரப்படுறாங்க. முடிச்சுட்டு தேக்குத் துண்டோட குறுக்கு முகத்துல சீவிப் பாருங்க, பொடியா கொட்டாம சுருளா வந்தா அந்த உளியக் கொண்டுபோய் ஆசாரி கையில கொடுங்க.

கேள்வி: பழைய சாமான் கடையில துருப்பிடிச்ச உளி, இழைப்புளி கிடைக்குது. புது மலிவு சாமானவிட அது மேலா? (காரைக்குடி வாசகர்)

பெரும்பாலும் மேல்தான். உளின்னா பின்பக்கத்துல முனைக்குப் பக்கமா துரு குழி விழுந்திருக்கான்னு மட்டும் பாருங்க, மேலாக்க இருக்கிற துரு போயிடும், குழி போகாது. இழைப்புளியோட அடிப்பலகை முறுக்கியிருக்கான்னு கண்ணுக்கு நேரா தூக்கிப் பாருங்க. அடிச்சு அடிச்சுத் தலை காளான் மாதிரி விரிஞ்ச வெட்டுளிய வாங்கினா அந்த விரிஞ்ச ஓரத்த கிரைண்டர்ல எடுத்துட்டுத்தான் சுத்தியல் போடணும், அந்தச் சில்லுதான் கண்ணுக்கு வரும்.