பகடை மேசையில் காசை எங்கே வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேசினோ எனும் சூதாட்ட விடுதிகளில் இரண்டு பகடை உருட்டி ஆடும் கிராப்ஸ் ஆட்டம் பற்றி இரண்டு மாதம் முன்பு ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். "ஆரம்பித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்களே" என்று அதற்குப் பிறகு கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதுதான்.

மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அடுத்த மாதம் போகும்போது அட்லாண்டிக் சிட்டிக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார் மாப்பிள்ளை. கிராப்ஸ் வீடியோ ஒன்று பார்த்தேன், மேசை முழுக்கக் கட்டங்கள், ஆளாளுக்குக் கத்துகிறார்கள், ஒன்றும் புரியவில்லை. அடியிலிருந்து சொல்லித் தாருங்கள்.
*– திருச்சி வாசகர்*

மேசையை மறந்துவிடுங்கள் ஐயா. முதலில் ஒரு காகிதம் எடுங்கள். இரண்டு பகடை, ஒவ்வொன்றுக்கும் 6 முகம், மொத்தம் 36 விதமாக விழலாம். இதில் 7 வருவதற்கு 6 வழி இருக்கிறது. 6-க்கும் 8-க்கும் தலா 5 வழி, 5-க்கும் 9-க்கும் 4, 4-க்கும் 10-க்கும் 3, 3-க்கும் 11-க்கும் 2, ஓரத்தில் இருக்கும் 2-க்கும் 12-க்கும் ஒரே ஒரு வழி. இதை மனப்பாடம் செய்துவிடுங்கள், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் எந்தப் பந்தயம் நியாயமானது, எது பையைக் காலி செய்வது என்று பிறகு நீங்களே கண்டுபிடித்துவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது ஆட்டம். பகடை உருட்டுபவருக்கு ஷூட்டர் என்று பெயர். அவர் உருட்டும் முதல் உருட்டு 'கம் அவுட்'. அதற்கு முன் உங்கள் சிப்பை (காசுக்குப் பதிலாகத் தரும் வில்லை) 'பாஸ் லைன்' என்று எழுதிய பட்டையில் வைக்கிறீர்கள். முதல் உருட்டில் 7 அல்லது 11 விழுந்தால் வைத்த அளவுக்கே இன்னொரு பங்கு கிடைக்கும். 2, 3, 12 விழுந்தால் போச்சு. 4, 5, 6, 8, 9, 10 இவற்றில் ஒன்று விழுந்தால் அந்த எண்தான் 'பாயின்ட்'. மேசையில் வட்டமாக ஒரு வில்லை இருக்கும், ஒரு பக்கம் கறுப்பு, 'ஆஃப்' என்று எழுதியிருக்கும். மேசையை நடத்தும் ஊழியரான டீலர் அதை வெள்ளைப் பக்கம் திருப்பி, 'ஆன்' தெரிகிற மாதிரி, அந்த எண்ணின் கட்டத்தில் வைப்பார். அதற்குப் பிறகு இரண்டே கேள்விதான்: அந்த எண் மறுபடி முதலில் வருமா, 7 முதலில் வருமா? எண் வந்தால் ஜெயித்தீர்கள், அதே ஷூட்டர் புதிதாகக் கம் அவுட் உருட்டுவார். 7 வந்தால் 'செவன் அவுட்', பாஸ் லைனில் இருந்ததெல்லாம் போய்விடும், பகடை அடுத்த ஆளுக்கு நகரும்.

அதாவது, முதல் உருட்டில் 7 உங்கள் நண்பன், பாயின்ட் விழுந்த பிறகு அதே 7 எதிரி. வீடியோவில் ஒரே எண்ணுக்கு ஒரு தடவை கைதட்டி, இன்னொரு தடவை தலையில் கை வைத்ததைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள், காரணம் இதுதான்.

கணக்கு எப்படி என்றால், 495 ஆட்டத்துக்குச் சராசரியாக 244 ஜெயிப்பீர்கள், 251 தோற்பீர்கள். வித்தியாசம் 7 ஆட்டம். 100 டாலர் வைத்தால் கேசினோவுக்குப் போவது சராசரியாக 1 டாலர் 41 சென்ட். ரூலெட் என்ற சக்கரம் சுற்றும் ஆட்டத்தில், 0, 00 இரண்டும் இருக்கிற அமெரிக்கச் சக்கரத்தில், இது 5 டாலர் 26 சென்ட். இந்த ஒப்பீட்டைப் பார்த்துத்தான் எனக்கே இந்த ஆட்டத்தின் மேல் மரியாதை வந்தது.

மேசைக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும்? யாரிடம் பணம் கொடுப்பது?
*– கோவை வாசகர்*

நான் முதல் தடவை நின்றது லாஸ் வேகஸில், காலை எட்டு மணி இருக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் குறைந்தபட்சப் பந்தயமும் குறைவாக இருக்கும், டீலரும் பொறுமையாகச் சொல்லித் தருவார், புதியவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் போவதே நல்லது. நூறு டாலர் நோட்டை டீலர் கையில் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, விரலால் பச்சைத் துணியைத் தட்டிக் காட்டினார். கையிலிருந்து கைக்கு வாங்கக் கூடாது என்பது அங்கே விதி. ஒரு உருட்டு முடிந்து அடுத்த உருட்டு தொடங்கும் முன் நோட்டைத் துணிமேல் வைக்க வேண்டும், அவர் எண்ணிச் சிப்பாகத் தள்ளுவார்.

மேசைக்கு நாலு பேர் வேலை செய்வார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு டீலர், நடுவில் உட்கார்ந்து சிப்புகளைக் கண்காணிக்கிற பாக்ஸ்மேன், அவருக்கு எதிரில் நீளமான வளைந்த பிரம்போடு ஸ்டிக்மேன். உங்கள் முறை வந்தால் ஸ்டிக்மேன் பிரம்பால் நாலைந்து பகடைகளை உங்கள் முன்னால் தள்ளுவார், இரண்டை எடுத்துக்கொண்டால் மீதியை இழுத்துக்கொள்வார். கண்ணாடி மாதிரி ஊடுருவிப் பார்க்கக்கூடிய சிவப்புப் பகடை, முனை கூர்மையாக இருக்கும், கேசினோவின் பெயரும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். ஒரே கையால் எடுங்கள், ஒரே கையால் எறியுங்கள், இன்னொரு கைக்கு மாற்றினால் உடனே குரல் கொடுப்பார்கள். பகடை எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும். அடுத்தவர் எறியும்போது உங்கள் கை மேசைக்குள் தொங்கக் கூடாது.

பாஸ் லைனுக்குப் பின்னால் கோட்டுக்கு வெளியே எல்லோரும் சிப் வைக்கிறார்கள், அங்கே கட்டமே இல்லையே! அது என்ன?
*– சிங்கப்பூர் வாசகி*

கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள் அம்மா, இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. அதன் பெயர் 'ஆட்ஸ்', பாயின்ட் விழுந்த பிறகு பாஸ் லைனோடு சேர்த்து வைக்கும் கூடுதல் பந்தயம். கேசினோ தனக்கென்று ஒரு காசு கூட எடுத்துக்கொள்ளாத பந்தயம். அதனால்தானோ என்னவோ, பெரும்பாலான மேசைகளில் அதற்குப் பெயரும் கிடையாது, கட்டமும் கிடையாது, தெரிந்தவர்கள் மட்டும் வைக்கிறார்கள்.

பாயின்ட் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 வர 3 வழி, 7 வர 6 வழி. 7-க்கு இருப்பதில் சரிபாதி வாய்ப்புதான் 4-க்கு. ஆகவே நியாயமாக ஒன்றுக்கு இரண்டு தர வேண்டும். ஆட்ஸில் அப்படியே தருகிறார்கள்: 10 டாலர் வைத்தால் 20 டாலர். பாயின்ட் 5 அல்லது 9 என்றால் 10-க்கு 15. 6 அல்லது 8 என்றால் 10-க்கு 12. மேலே எழுதச் சொன்ன காகிதத்தை எடுத்துச் சரிபாருங்கள், ஒரு பைசா பிசகாது.

எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு மேசைக்கு மேசை வரம்பு உண்டு. பல இடங்களில் 3-4-5 முறை: 4, 10 என்றால் பாஸ் லைனில் வைத்ததைப் போல 3 மடங்கு, 5, 9 என்றால் 4 மடங்கு, 6, 8 என்றால் 5 மடங்கு. ஏன் இப்படி ஏறுமுகம் என்றால், முழு அளவு வைத்து ஜெயித்தால் எந்தப் பாயின்டாக இருந்தாலும் ஆட்ஸில் கிடைப்பது பாஸ் லைன் பந்தயத்தின் 6 மடங்காகவே வரும், டீலர் தலையைச் சொறியாமல் எண்ணி வைத்துவிடலாம். அழகான ஏற்பாடு!

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆட்ஸ் வைப்பதால் உங்கள் நஷ்டம் குறைந்துவிடாது. பாஸ் லைனில் வைத்த 10 டாலருக்கு அந்த 14 சென்ட் எப்படியும் போகும். ஆட்ஸ் பணம் நியாயமான பந்தயத்தில் இருக்கிறது, அவ்வளவுதான், ஏற்ற இறக்கம் மட்டும் பெரிதாகும். ஆகவே 30 டாலர் பந்தயம் வைக்க நினைத்து வந்தவர் 30-ஐயும் பாஸ் லைனில் போடாமல் 10-ஐ லைனிலும் 20-ஐ ஆட்ஸிலும் பிரித்து வையுங்கள். 10-தான் முடியும் என்றால் ஆட்ஸை விட்டுவிடுங்கள், கடன் வாங்கி வைக்கிற விஷயம் இல்லை.

நடுவில் படம் படமாகப் போட்டிருக்கிற பந்தயங்களுக்கு 30 மடங்கு வரை தருகிறார்களே? அதை ஏன் நீங்கள் சொல்லவில்லை?
*– மதுரை வாசகர்*

சொல்லாததற்குக் காரணம் உண்டு. 12-க்கு 30 மடங்கு தருகிறார்கள், ஆனால் 12 வருவது 36-ல் ஒரு தடவை. நியாயமாக 35 மடங்கு தர வேண்டும். அந்த இடைவெளியில் 100-க்கு 13 டாலர் 89 சென்ட் போகிறது. 'எனி செவன்' இன்னும் மோசம்: அடுத்த உருட்டு 7 என்று வைப்பது, தருவது 4 மடங்கு, தர வேண்டியது 5, நஷ்டம் 16 டாலர் 67 சென்ட். 'ஹார்டுவே' என்று இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுவதற்கு ஒரு பந்தயம் உண்டு, 3-3 விழுந்து 6 ஆவது மாதிரி. அதில் 6, 8-க்கு 9 டாலர் 9 சென்ட், 4, 10-க்கு 11 டாலர் 11 சென்ட். ஸ்டிக்மேன் அழகாகக் கூவிக் கூப்பிடுவதும் இவற்றுக்குத்தான், பாஸ் லைனுக்கு யாரும் கூவுவதில்லை.

பாஸ் லைன் தவிர ஏதாவது வேண்டும் என்றால் 6 அல்லது 8-ஐ 'பிளேஸ்' செய்யுங்கள், அதாவது 7-க்கு முன் அந்த எண் வரும் என்று வையுங்கள். 6 டாலர் வைத்தால் 7 டாலர், நியாயம் 7 டாலர் 20 சென்ட், நஷ்டம் 100-க்கு ஒன்றரை டாலர்தான். 6, 12, 18 என்று ஆறின் மடங்காக வையுங்கள், இல்லாவிட்டால் சில்லறை நறுக்கப்பட்டு அந்தக் கணக்கு கெட்டுவிடும். சில பழைய மேசைகளின் மூலையில் 'பிக் 6', 'பிக் 8' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதே 6, அதே 8, ஆனால் 6 டாலருக்கு 6 டாலர்தான். அதில் மட்டும் வைக்காதீர்கள்.

சின்ன வயதில் பித்தளைத் தாயக்கட்டை உருட்டிய கை இது. கிராப்ஸிலும் நினைத்த எண்ணை விழ வைக்க முடியாதா?
*– திருநெல்வேலி வாசகி*

தாயக்கட்டையைத் தரையில் அருகிலேயே உருட்டுகிறோம், பழகிய கை சில நேரம் ஏய்த்துவிடும், பாட்டிமார்கள் செய்து பார்த்திருக்கிறேன். கிராப்ஸ் மேசையின் கோடிச் சுவரில் கூம்பு கூம்பாக ரப்பர் முட்கள் ஒட்டியிருக்கிறார்கள், பகடை அதில் மோதிச் சிதற வேண்டும் என்பதற்காகவே. பகடையைக் கட்டுப்படுத்தும் வித்தை என்று காசு வாங்கி வகுப்பு எடுப்பவர்கள் அங்கே உண்டு. அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.

'டோன்ட் பாஸ்' ஆடினால் மற்றவர்கள் முறைப்பார்களாமே?
*– சென்னை வாசகர்*

முறைப்பார்கள், உண்மைதான். பாஸ் லைனுக்கு நேர் எதிரான பந்தயம் அது, மேசையே ஷூட்டருக்காகக் கத்தும்போது நீங்கள் 7 வரட்டும் என்று நிற்கிறீர்களே. முதல் உருட்டில் 2, 3 வந்தால் உங்களுக்கு வெற்றி, 7, 11 வந்தால் தோல்வி, பாயின்ட் விழுந்தபின் 7 முதலில் வந்தால் வெற்றி. முதல் உருட்டில் 12 வந்தால் மட்டும் உங்களுக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, காசு அப்படியே நிற்கும். அந்த 12-ஐயும் உங்களுக்கே கொடுத்திருந்தால் கேசினோ தோற்கும், 251-ம் 244-ம் அப்படியே தலைகீழாகிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஓர் எண். நஷ்டம் 100-க்கு 1 டாலர் 36 சென்ட், பாஸ் லைனைவிடக் கொஞ்சம் குறைவு. கேசினோ இதைத் தாராளமாக அனுமதிக்கிறது, தப்பே இல்லை. ஜெயிக்கும்போது மட்டும் சத்தம் போடாதீர்கள், பக்கத்தில் பத்துப் பேர் தோற்றிருப்பார்கள்.

யாரோ ஒரு பெண்மணி நான்கு மணி நேரம் தோற்காமல் உருட்டினாராம், நம்பலாமா?
*– சேலம் வாசகர்*

நம்பலாம். 2009 மே 23, அட்லாண்டிக் சிட்டியில் போர்கட்டா கேசினோ. நியூ ஜெர்சிக்காரர் பாட்ரிசியா டெமாரோ, ஆட்டத்துக்குப் புதியவர், 154 உருட்டு, 4 மணி 18 நிமிடம். அதற்கு முன் 1989-ல் லாஸ் வேகஸின் கலிஃபோர்னியா ஹோட்டலில் ஸ்டான்லி ஃபுஜிடாகே என்பவர் 118 உருட்டு உருட்டியதுதான் சாதனை. ஒரு ஷூட்டரின் கையில் பகடை சராசரியாக எட்டரை உருட்டுதான் நிற்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கான வாய்ப்பு ஒன்றரை லட்சம் கோடியில் ஒன்று என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. 154 தடவை உருட்டி ஒரு தடவை கூட 7 வராமல் இருப்பதற்கான கணக்கு அது. ஆனால் கம் அவுட்டில் 7 வந்தால் ஷூட்டர் வெளியே போவதில்லையே, ஜெயிக்கிறார்! அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 560 கோடியில் ஒன்று. அதுவும் அபூர்வம்தான், ஆனால் பத்திரிகைகள் எழுதியதைவிட ஏறக்குறைய 280 மடங்கு அதிகமாகச் சாத்தியமானது.

'கிராப்லெஸ்' மேசையில் 2, 3, 12 வந்தால் தோல்வி இல்லையாமே? அதுதானே நல்லது?
*– துபாய் வாசகர்*

இல்லை தம்பி. அங்கே 2, 3, 12 மூன்றும் பாயின்ட் ஆகிவிடும், சரி, ஆனால் கூடவே 11-ம் பாயின்ட் ஆகிவிடும். சாதாரண மேசையில் 11 வந்த உடனே காசு கைக்கு வரும். இங்கே 11-ஐ மறுபடி உருட்ட வேண்டும், 2 வழி உங்களுக்கு, 6 வழி எதிரிக்கு, நாலில் ஒரு தடவைதான் தேறும். மிச்ச மூன்று எண்களில் கிடைக்கும் சிறு நன்மையை இது தின்றுவிடுகிறது. 1.41 என்பது 5.38 சதவீதம் ஆகிறது. கலிஃபோர்னியா பக்கம் போனால் இன்னொரு விதம்: அங்கே பகடை மட்டுமே முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்று சட்டம், ஆகவே பழங்குடியினர் நடத்தும் கேசினோக்களில் எண்ணைச் சீட்டு எடுத்து முடிவு செய்கிறார்கள். விதி அதேதான், கணக்கும் பெரும்பாலும் அதேதான்.

கைபேசிச் செயலியில் காசு கட்டிப் பழகிக்கொள்ளலாமா?
*– ஈரோடு வாசகர்*

வேண்டாம். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்கிறது, 2025-ல் மத்திய அரசின் சட்டமும் வந்துவிட்டது. கிராப்ஸ் முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம், திறமை ஆட்டம் என்று வாதாட வழியே இல்லை. வீட்டில் இரண்டு பகடையும் ஒரு டப்பா புளியங்கொட்டையும் போதும். ஒரு கொட்டை ஒரு டாலர், பேரப்பிள்ளை டீலர், இரண்டு மாலையில் ஆட்டம் பிடிபட்டுவிடும்.

மேசையில் 'செவன்' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாதா?
*– தஞ்சாவூர் வாசகி*

பாயின்ட் நிற்கும்போது சொல்லாதீர்கள், அபசகுனம் என்று அங்கே உண்மையாகவே நம்புகிறார்கள். நம் ஊரில் ராத்திரியில் பாம்பின் பெயரைச் சொல்லாமல் 'பூச்சி' என்போமே, அந்த மாதிரி 'பிக் ரெட்' என்பார்கள். அதேபோல் 11-ஐ 'யோ' என்றுதான் கூவுவார்கள், ஏனென்றால் அத்தனை இரைச்சலில் 'இலெவன்' என்பது 'செவன்' என்று காதில் விழுந்துவிடும்.