என் தங்கையும் சக்கர நாற்காலிக்குப் போய்விடுவாளா?

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது. போன வருடக் கடைசியில் இடது கண் மங்கியது, கண்ணை அசைத்தாலே வலி. ஸ்டீராய்டு ஏற்றினார்கள், ஒன்றரை மாதத்தில் சரியாகிவிட்டது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். மூளையில் சில புள்ளிகள், கழுத்துத் தண்டுவடத்தில் ஒன்று. எங்கள் தெருவில் இதே நோயுள்ள ஒரு அண்ணன் 45 வயதிலேயே சக்கர நாற்காலியில் இருக்கிறார். என் தோழியின் அத்தையோ இருபது வருடமாக இந்த நோயோடு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார். ஒரே நோய் ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி? "இப்போதான் நல்லா இருக்காளே, மருந்து எதுக்கு? முதல்ல குழந்தை பெத்துக்கட்டும்" என்கிறார்கள் அவள் மாமியார் வீட்டில். அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தெருவில் இருக்கும் அண்ணனைப் பார்த்து உங்கள் தங்கையின் ஜாதகத்தை எழுதாதீர்கள். தோழியின் அத்தையைப் பார்த்தும் எழுதாதீர்கள். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிப்பதுதான் இந்த நோய். அரிபட்ட இடங்கள்தான் எம்.ஆர்.ஐ.யில் தெரியும் புள்ளிகள். இதில் இரண்டு தடங்கள் உண்டு. சுமார் 85 சதவீதம் பேருக்கு அது விட்டுவிட்டு வரும்: ஒரு தாக்குதல், பிறகு தெளிவு, கொஞ்ச காலம் கழித்து இன்னொன்று. இந்தத் திரும்பத் தாக்குதலைத்தான் ரிலாப்ஸ் என்கிறோம். மீதிப் பேருக்குத் தாக்குதல், தெளிவு என்ற பேச்சே இல்லை. முதல் நாளிலிருந்தே கால் மெல்ல மெல்ல இழுக்கத் தொடங்கும். அந்த அண்ணனுக்கு வந்தது எது, எப்போது கண்டுபிடித்தார்கள், என்ன மருந்து கிடைத்தது என்று நமக்குத் தெரியாது. இருபது வருடத்துக்கு முன்னால் இருந்த மருந்துகள் வேறு, இன்றைக்கு இருப்பவை வேறு.

நம் கையில் இல்லாத விஷயங்களை முதலில் பார்த்துவிடலாம். பெண்களுக்குத்தான் இந்த நோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. ஆனால் வந்தபின் வேகமாக முற்றுவது ஆண்களுக்கு. நாற்பதைத் தாண்டித் தொடங்கினால் உடல் ஈடுகொடுக்கும் சக்தி குறைவு. முதல் அடி கண்ணிலோ, மரத்துப்போகும் உணர்விலோ விழுந்தால் பொதுவாக நல்ல அறிகுறி. நடை, தள்ளாட்டம், சிறுநீர்க் கட்டுப்பாடு என்று தொடங்கினால் கவலை அதிகம். முதல் தாக்குதல் முழுசாகத் தெளிந்ததா, இரண்டாவது எவ்வளவு சீக்கிரம் வந்தது, முதல் இரண்டு வருடத்தில் எத்தனை முறை வந்தது என்பதும் கணக்கில் வரும். இந்தப் பட்டியலில் உங்கள் தங்கைக்குச் சாதகமானவை நிறைய: பெண், இளவயது, கண்ணில் தொடக்கம், நல்ல தெளிவு. பாதகமானது ஒன்று, அந்தக் கழுத்துத் தண்டுவடப் புள்ளி. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் இருக்கும் புள்ளிகளை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கை, கால், சிறுநீர் எல்லாவற்றுக்குமான நரம்பிழைகள் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத அந்த இடத்தில்தான் நெருக்கியடித்துப் போகின்றன. மூளையில் சத்தமில்லாமல் இருந்துவிடும் அளவுள்ள புள்ளி அங்கே விழுந்தால் நடையையே தொட்டுவிடும்.

"இப்போதான் நல்லா இருக்காளே" என்ற பேச்சுக்கு வருகிறேன். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு குங்கும டப்பாவைத் திறந்து, முதலில் வலது கண்ணால் மட்டும், பிறகு இடது கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். "எழுத்தெல்லாம் நல்லா தெரியுது டாக்டர்" என்று சொல்பவர்கள்கூட, அடிபட்ட கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிவதாகச் சொல்வார்கள். ஓ.பி.யில் இதற்கு நான் சிவப்புப் பேனா மூடியைத்தான் காட்டுவது வழக்கம். ஒருவேளை இரண்டு கண்ணிலும் சிவப்பு ஒரே மாதிரி இருந்தால் சந்தோஷம். ஆனாலும் அதை வைத்து நோய் போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிப்பதுதான் இந்த நோய். வெளியே ஒன்றும் தெரியாத மாதங்களிலும் எம்.ஆர்.ஐ.யில் புதுப் புள்ளி முளைப்பதுண்டு. வருமானம் நின்ற வீடு கொஞ்ச நாள் சேமிப்பை எடுத்துச் செலவு செய்து ஊருக்குத் தெரியாமல் ஓட்டுகிற மாதிரி, மூளையும் தன் கையிருப்பை வைத்துச் சமாளிக்கும். கையிருப்பு தீர்ந்தபின் மருந்து தேடினால் போனது திரும்பாது.

அதனால் நோய் எவ்வளவு முற்றும் என்பதில், மனிதர்களால் மாற்ற முடிகிற காரணங்களில் பெரியது, எவ்வளவு சீக்கிரம் சரியான மருந்தைத் தொடங்குகிறோம் என்பதுதான். ஸ்டீராய்டு அந்தத் தாக்குதலைச் சீக்கிரம் அடக்கும், அவ்வளவே. அடுத்ததைத் தடுக்கும் மருந்து வேறு. வலுவான மருந்தைக் கடைசிக்கு வைத்திருப்பதா, முதலிலேயே கொடுப்பதா என்ற வாதத்தில் நான் இரண்டாவது கட்சி, அதுவும் தண்டுவடப் புள்ளி இருக்கும்போது. செலவை நினைத்து மலைக்க வேண்டாம். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து வேறு நோய்களுக்கென்று வந்தது. நம் நாட்டில் அதன் விலை குறைந்த வடிவங்கள் கிடைக்கின்றன. 2022-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 200 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு வருடத்தில் ரிட்டுக்ஸிமாப் போட்டவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் ரிலாப்ஸ் வந்தது; இதே நோய்க்கான டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 சதவீதம். உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் ரிட்டுக்ஸிமாபை இந்த நோய்க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. போடுவதற்கு முன் மஞ்சள் காமாலை பி வைரஸ், டி.பி. இரண்டுக்கும் சோதனை செய்தாக வேண்டும். தடுப்பூசி பாக்கி இருந்தால் அதையும் முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கி, எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) மாதிரியே வேஷம் போடும் நோய்கள் உண்டு. முக்கியமானது என்.எம்.ஓ., அதாவது நியூரோமயலைடிஸ் ஆப்டிகா. அதைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியை (ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதத்தை) 2004-இல்தான் கண்டுபிடித்தார்கள். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவை என்.எம்.ஓ.வைக் கிளறிவிடக்கூடும். அக்வாபோரின்-4 (AQP4), மாக் (MOG) ஆகிய இரண்டு ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனைகள் செய்தார்களா என்று ஃபைலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், தேவையா என்று கேளுங்கள்.

குழந்தை விஷயத்தில் மாமியார் வீட்டுக்காரர்கள் ஆசைப்படுவதில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களைக் கவனித்த ஆய்வு 1998-இல் வந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ரிலாப்ஸ் சுமார் 70 சதவீதம் குறைந்தது, பிரசவமான முதல் மூன்று மாதத்தில் எகிறியது. கர்ப்பத்துக்கு முந்தைய வருடம் நோய் அடங்காமல் இருந்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். ஆகவே முதலில் நோயை அடக்கிவிட்டு, டாக்டரோடு பேசித் தேதி குறித்துக்கொண்டு கருத்தரிக்கட்டும். சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது என்பதால், குழந்தை ஆசை இருக்கிறது என்று மருந்து எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளிப்போனதும் பயந்து தானாக மருந்தை நிறுத்துவது கூடாது. சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும்.

அப்புறம் சிகரெட். உங்கள் தங்கை பிடிக்க மாட்டார், சரி. மாப்பிள்ளை வீட்டுக்குள் பிடிக்கிறாரா? அடுத்தவர் விடும் புகையும் இந்த நோய்க்கு நல்லதல்ல. நோய் தெரிந்த பிறகும் புகைக்கும் ஒவ்வொரு வருடமும், விட்டுவிட்டு வரும் நோய் மெல்ல முற்றும் கட்டத்துக்குப் போகும் காலத்தை ஏறக்குறைய 5 சதவீதம் விரைவுபடுத்துகிறது என்கிறது 2015-இல் வந்த இன்னொரு ஸ்வீடன் ஆய்வு. பி.பி., சுகர், கொலஸ்ட்ரால் சேர்ந்துகொண்டாலும் நடை சீக்கிரம் தளர்கிறது. நம் ஊரில் முப்பது வயதிலேயே சுகர் எட்டிப் பார்க்கிறது, ஆகவே வருடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் ஈடுகட்டலாம்; அதையே வைத்தியம் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். பரம்பரைக் கூறும் கொஞ்சம் உண்டு, 2023-இல் 22,000 பேருக்கு மேல் ஆராய்ந்து நோயை வேகமாக முற்றவைக்கும் ஒரு மரபணு மாற்றத்தைப் பிடித்தார்கள். அதற்காக இன்றைக்கு ஜீன் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

திருச்சி வெயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏப்ரல் வந்தால் பயந்துவிடுவீர்கள். உடம்பு சூடானால் பழைய அறிகுறிகள் எட்டிப் பார்க்கும். கண் மங்கும், கால் கனக்கும், தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஃபேனடியில் உட்கார்ந்தால் போய்விடும். அது நோய் முற்றுவதல்ல. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாமல், புதிதாக ஒரு தொல்லை 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் ரிலாப்ஸ் என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்த மாதம் போகும்போது எம்.ஆர்.ஐ. ஃபிலிமோடு சிடியையும் எடுத்துப் போங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எடுக்கும் ஸ்கேனை இதோடு ஒப்பிட்டுத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். முடிந்தவரை அதே மையத்தில், அதே மெஷினில் எடுங்கள். மாப்பிள்ளையையும் கூட்டிப்போங்கள். மருந்து எதற்கு என்பதை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும். அவர் அம்மாவிடம் நீங்கள் விளக்குவதைவிட அவர் விளக்குவது சுலபம்.