வேலை சொதப்புவதற்கு முன்பே டீம் லீட் கண்டுபிடிக்க முடியுமா?

புதிதாக டீம் லீட் ஆகியிருக்கிறீர்கள், டெட்லைன் தவறிய பிறகுதான் யார் திணறுகிறார்கள் என்பதே தெரிகிறது, முன்கூட்டியே பிடிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் வேலை நிலவரம் காட்டும் டேஷ்போர்டில் தெரியாது.

நான் கோட்டை விட்ட கதையைச் சொல்கிறேன். எங்கள் டீமில் ஒருவர், மீட்டிங்கில் எதற்கெடுத்தாலும் குறுக்கே கேள்வி கேட்பார் (எரிச்சலாகக்கூட வரும்). திடீரென்று கேள்விகள் நின்றுபோயின. ஆள் செட்டாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று திங்கட்கிழமைகள் தொடர்ந்து "90 சதவீதம் முடிந்தது, இன்னும் கொஞ்சம்தான்" என்றார், நானும் சரி சரி என்று குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டேன். நாலாவது வாரம் பார்த்தால், இன்னொரு டீம் தர வேண்டிய டேட்டா வராமல் வேலை பாதியில் நிற்கிறது. இரண்டு மெயில் போட்டிருக்கிறார், பதில் இல்லை, என்னிடம் சொன்னால் "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பேன் என்று விட்டுவிட்டார். முன்பு ஒருமுறை அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஒரு போன் காலில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அப்புறம் "எவ்வளவு முடிந்தது" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "எது இடிக்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்", இதுதான் இப்போது என் கேள்வி. வாரம் ஒருமுறை தனித்தனியாக 20 நிமிடம் பேசுங்கள், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் ஆண்டான் என்று ஒரு கயிறு வைத்திருந்தார்கள். கோளாறு கண்ணில் பட்டால் உற்பத்தி லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், டீம் லீடர் உடனே அங்கே வருவார், அவரால் சட்டென்று தீர்க்க முடியாவிட்டால் லைன் நிற்கும். கயிறு கட்டுவது பெரிய காரியமில்லை, இழுத்தவரைத் திட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். டீம்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடந்த டீம்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னதுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். ஆகவே உங்கள் டீமில் கெட்ட செய்தியே வரவில்லையென்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, வேலை தொடங்கும் முன் ப்ரீமார்ட்டம் செய்துபாருங்கள், உளவியலாளர் கேரி க்ளைன் சொன்ன முறை. "ஆறு மாதம் கழித்து இது ஊத்திக்கொண்டுவிட்டது, ஏன்?" என்று கேட்டு ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைசியாக நாங்கள் செய்தபோது மூன்று சீட்டில் ஒரே பதில்: டெஸ்டிங்குக்கு ஆளே ஒதுக்கவில்லை. பிளான் போட்டது நான்தான்.